பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸ் கணினியில் ஓட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு கடைகள், அச்சகங்கள், பள்ளி அலுவலகங்கள், தட்டச்சு மையங்கள் எனப் பல இடங்களில் பழைய கணினியை மாற்ற வேண்டிய நிலை வந்திருக்கிறது. மாற்றியவுடன், பத்து இருபது ஆண்டுகளாகப் பழகிய மென்பொருள் திறக்க மறுக்கிறது. அப்போது எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். பழைய மென்பொருள் இருக்கும் கோப்புறையை முழுதாக ஒரு பென் டிரைவிலும், இன்னொரு வட்டிலும் நகலெடுத்து வையுங்கள். நிரல் போனால் வேறு வழி தேடலாம். அதற்குள் இருக்கும் கணக்கும் முகவரிப் பட்டியலும் மாணவர் பதிவும் போனால் திரும்பக் கிடைக்காது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த நகல் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

1. பழைய கணினியில் நன்றாக ஓடிய மென்பொருள் புதியதில் மட்டும் ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

பெரும்பாலும் மென்பொருளில் எந்தப் பழுதும் இருக்காது; அது எதிர்பார்க்கும் சூழல்தான் இப்போது இல்லை. விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி இயக்கும் டாஸ் காலத்திலும் விண்டோஸ் 3.1 காலத்திலும் எழுதப்பட்ட 16 பிட் நிரல்களை (பிட் எண் என்பது நிரல் ஒரே மூச்சில் கையாளும் எண்ணின் அளவு) 64 பிட் விண்டோஸ் அடியோடு ஏற்பதில்லை. பிறகு வந்த 32 பிட் நிரல்களை அது ஏற்கும். ஆனால் அவை துணைக்கு எதிர்பார்க்கும் சிறு கோப்புகள் புதிய கணினியில் இல்லாமல் இருக்கலாம். அவை எழுத விரும்பும் இடத்தில் எழுத இப்போது அனுமதி இல்லாமலும் இருக்கலாம்.

இவை தவிர, பிரிண்டர், ஸ்கேனர், உரிமப் பூட்டு போன்ற வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நிரல்களுக்கு டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் துணை நிரல்) சிக்கல் வரும். உங்கள் சிக்கல் இவற்றுள் எது என்று தெரியாமல் இணையத்தில் கண்ட எல்லாத் தீர்வையும் வரிசையாக முயல்வதால்தான் பலருடைய ஒரு நாள் வீணாகிறது. எனவே அடுத்த கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

2. என்னுடையது 16 பிட்டா 32 பிட்டா என்று எனக்கு எப்படித் தெரியும்?

வயதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் தெரிகிற நிரல் என்றால் பெரும்பாலும் டாஸ். விண்டோஸ் 95-க்கு முன் வந்தவை 16 பிட்; பின் வந்தவை பெரும்பாலும் 32 பிட். ஆனால் 95-க்குப் பின்னும் சில ஆண்டுகள் 16 பிட் நிரல்கள் விற்கப்பட்டன என்பதால் ஊகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

உறுதியாக அறிய ஓர் எளிய வழி உண்டு. நிரலைத் தொடங்கும் எக்ஸ்இ கோப்பை நகலெடுத்து, அந்த நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பகுதி புரியாத குறிகளாக இருக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கில எம், இசட் என்று இருக்கும். டாஸ் உருவாக்கத்தில் பங்காற்றிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்றைய விண்டோஸ் 11 நிரல்களின் தொடக்கத்திலும் அவையே இருக்கின்றன. சற்றுக் கீழே, ‘இந்த நிரலை டாஸ் முறையில் ஓட்ட இயலாது’ என்ற பொருள்படும் ஆங்கில வரியும் அதன் பின் பி, இ என்ற இரண்டு எழுத்துகளும் இருந்தால் அது 32 பிட் அல்லது 64 பிட் நிரல். ‘இந்த நிரலுக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் தேவை’ என்ற வரியும் என், இ என்ற எழுத்துகளும் இருந்தால் 16 பிட் விண்டோஸ் நிரல். இரண்டும் இல்லாவிட்டால் பெரும்பாலும் டாஸ் நிரல். பார்த்த பின் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

3. 32 பிட்டை ஏற்கும் விண்டோஸ் 16 பிட்டை மட்டும் ஏன் தள்ளி வைத்தது?

32 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்களை ஓட்ட என்டிவிடிஎம் என்ற உள்ளமைப்பு இருந்தது. அது செயலியில் உள்ள ‘மெய்நிகர் 8086’ என்ற முறையைப் பயன்படுத்தி, ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும் தனக்கென ஒரு பழைய கணினி இருப்பது போன்ற தோற்றத்தைத் தந்தது. செயலி 64 பிட் முறையில் இயங்கும்போது அந்த வசதி வன்பொருளிலேயே கிடையாது. மேலும் 64 பிட் விண்டோஸ் தன் உள் அடையாள எண்களை 32 பிட் அளவில் வைத்திருக்கிறது. அவற்றைச் சுருக்கி 16 பிட் நிரலிடம் கொடுத்தால் பாதி எண் உதிர்ந்துவிடும்.

விண்டோஸ் 10-க்கு 32 பிட் பதிப்பு இருந்தது. அதில் என்டிவிடிஎம்மை நிறுவிக்கொள்ள முடிந்தது. விண்டோஸ் 11 என்பதோ 64 பிட்டில் மட்டுமே வருகிறது. ஆகவே புதிய கணினியில் எந்த அமைப்பை மாற்றினாலும் 16 பிட் நிரல் நேரடியாக ஓடாது. அதற்கான மாற்று வழிகள் 9-ஆவது, 12-ஆவது பதில்களில் உள்ளன.

4. மென்பொருள் 32 பிட்தான் என்று உறுதியாகத் தெரியும். ஆனால் சிடியைப் போட்டால் செட்டப்பே ஓடவில்லையே?

1990-களின் பிற்பகுதியில் இது வழக்கமாக இருந்தது: நிரல் 32 பிட்டில் எழுதப்பட்டிருக்கும், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட்டில் இருக்கும். பரவலாகப் பயன்பட்ட சில செட்டப் வகைகளை 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, அவற்றுக்குப் பதிலாகத் தன்னிடம் உள்ள 32 பிட் வடிவத்தைத் தானாக ஓட்டிவிடும். உங்கள் சிடியில் இருப்பது அந்த வகை இல்லை என்றால், பழைய கணினியில் நிறுவப்பட்டிருக்கும் கோப்புறையை அப்படியே நகலெடுத்துப் புதியதில் வைத்துத் திறந்து பாருங்கள். எதிர்பார்ப்பதைவிட அதிகமான நிரல்கள் இவ்வளவிலேயே ஓடிவிடுகின்றன. ‘இன்ன கோப்பு இல்லை’ என்று கேட்டால் 7-ஆவது பதிலைப் பாருங்கள்.

செட்டப் ஓடத் தொடங்கி, ‘வட்டில் போதிய இடம் இல்லை’ என்று நின்றுவிடுவது வேறு சிக்கல். 500 ஜிபி காலியாக இருக்கும்போது இப்படிச் சொன்னால் பலர் வட்டைச் சந்தேகிக்கிறார்கள். பழைய செட்டப் தனக்குத் தெரிந்த எண் அளவான 2 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாமல், மிகப் பெரிய எண்ணை எதிர்ம எண்ணாகப் படித்துவிடுகிறது. செட்டப் கோப்புக்கு விண்டோஸ் 95 அல்லது 98 பொருத்த முறையை (கம்பேட்டிபிலிட்டி மோடு; அடுத்த பதிலைப் பாருங்கள்) தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

5. அந்தக் கம்பேட்டிபிலிட்டி மோடு என்பது உண்மையில் என்ன செய்கிறது? எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிடலாமா?

எக்ஸ்இ கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்து, கம்பேட்டிபிலிட்டி என்ற பக்கத்துக்குப் போனால் பழைய விண்டோஸ் பதிப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்தால், நிரலுக்கும் விண்டோஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு வந்து அமர்கிறது. ‘இது எந்தப் பதிப்பு’ என்று நிரல் கேட்டால், 10.0 என்ற உண்மை எண்ணுக்குப் பதிலாக விண்டோஸ் எக்ஸ்பியின் எண்ணான 5.1 என்று அது பதில் சொல்லும். இன்னும் சில அழைப்புகளுக்கு, பழைய பதிப்பு நடந்துகொண்ட விதமாகவே நடந்துகொள்ளும். பதிப்பு எண்ணைப் பார்த்து மிரண்டு நிற்கும் நிரல்களுக்கு இது போதும்.

அது பழைய விண்டோஸைக் கொண்டுவந்து வைப்பதில்லை. 16 பிட் நிரலை ஓட்டாது, இல்லாத டிரைவரைத் தராது, விடுபட்ட கோப்பைச் சேர்க்காது. ஆகவே எல்லாவற்றுக்கும் போட வேண்டியதில்லை. முதலில் எதுவும் தேர்வு செய்யாமல் ஓட்டிப் பாருங்கள். தேவை வந்தால் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, பிறகு விண்டோஸ் 7 என்று ஒவ்வொன்றாக முயலுங்கள். எழுத்துகள் மங்கலாகவோ மிகச் சிறியதாகவோ தெரிவதற்கும் அதே பக்கத்தில்தான் தீர்வு: உயர் டிபிஐ அமைப்பைத் திறந்து, அளவு மாற்றத்தைச் ‘சிஸ்டம்’ வசம் விடுங்கள்.

6. மென்பொருள் ஓடுகிறது. ஆனால் நேற்றுப் போட்ட பில்கள் இன்று காணவில்லை. வைரஸா?

வைரஸ் இல்லை. கேட்பவரைப் பெரிதும் அச்சுறுத்தும் சிக்கல் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எக்ஸ்பி காலத்தில் நிரல்கள் தம் தரவைப் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே எழுதிக்கொண்டன. 2007-இல் வந்த விஸ்டா முதல், அங்கே எழுத நிர்வாகி அனுமதி வேண்டும். பழைய நிரல்கள் இதனால் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் ஓர் ஏற்பாடு செய்தது: அனுமதி இல்லாத பழைய 32 பிட் நிரல் அங்கே எழுத முயன்றால், அந்த எழுத்தைத் தடுக்காமல், அதைப் பயன்படுத்துபவரின் சொந்தக் கோப்புறைக்குள் உள்ள ‘வெர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். தான் புரோகிராம் ஃபைல்ஸில்தான் எழுதினோம் என்றே நிரல் நினைத்துக்கொண்டிருக்கும்.

இதன் விளைவைப் பாருங்கள். கடையில் இருவர் தனித்தனி விண்டோஸ் கணக்கில் நுழைந்தால், இருவருக்கும் இரண்டு தரவுக் கோப்புகள் உருவாகிவிடும். ஒருவர் போட்ட பில் மற்றவருக்குத் தெரியாது. ஒரே ஆள் என்றாலும், ஒரு நாள் சாதாரணமாகத் திறந்து வேலை செய்துவிட்டு மறுநாள் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தால், திருப்பிவிடும் ஏற்பாடு விலகி, புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள பழைய கோப்பு கண்ணில் படும். அப்போதுதான் ‘நேற்றைய பில் எல்லாம் போய்விட்டது’ என்ற அலறல் எழுகிறது. பில்கள் பத்திரமாக வெர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கின்றன. பயனரின் கோப்புறையில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் வெர்ச்சுவல்ஸ்டோர் என்று போய்ப் பாருங்கள். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால், மறைந்தவற்றைக் காட்டும் அமைப்பை முதலில் இயக்க வேண்டும்.

இரண்டு கோப்புகளிலும் பதிவுகள் சேர்ந்திருந்தால் ஒன்றை மற்றொன்றின் மேல் நகலெடுத்து எழுதிவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனிப் பெயரில் காப்பாற்றி வைத்துவிட்டு, எதில் கடைசிப் பதிவுகள் உள்ளன என்று பார்த்து முடிவெடுங்கள். இனி வராமல் இருக்க ஒரே வழி, பழைய மென்பொருளைப் புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவாமல் சி டிரைவில் நேரடியாக ஒரு தனிக் கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறைக்கு எல்லாப் பயனருக்கும் எழுதும் அனுமதி கொடுப்பது.

7. ‘டிஎல்எல் இல்லை’, ‘ஓசிஎக்ஸ் பதிவாகவில்லை’ என்று வருகிறது. அந்தக் கோப்பை இணையத்தில் தேடி இறக்கிப் போடலாமா?

டிஎல்எல், ஓசிஎக்ஸ் இரண்டும் நிரல் துணைக்கு அழைக்கும் சிறு கோப்புகள். தனித்தனி டிஎல்எல் கோப்புகளை இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அங்கே கிடைப்பது சரியான பதிப்பா, கலப்படம் செய்யப்பட்டதா என்று அறிய உங்களுக்கு வழியில்லை. பெயரில் எம்எஸ்விசிஆர் அல்லது எம்எஸ்விசிபி என்று தொடங்கும் கோப்பு இல்லை என்றால், மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ துணைத் தொகுப்பு வேண்டும்; 2005, 2008, 2010 என்று ஆண்டுக்கு ஒன்றாக உள்ள அவை ஒன்றையொன்று பதிலீடு செய்யாது, 64 பிட் கணினியிலும் பழைய நிரலுக்கு 32 பிட் தொகுப்பே வேண்டும். மைக்ரோசாஃப்டின் மற்றொரு துணைத் தொகுப்பான டாட்நெட் 2.0 கேட்கும் நிரலுக்கு டாட்நெட் 3.5-ஐ நிறுவினால் போதும், அதற்குள் 2.0-வும் 3.0-வும் அடக்கம்.

தமிழ்நாட்டில் உள்ளூர் நிரலாளர்கள் எழுதிக் கொடுத்த கணக்கு, நூலக, பள்ளிக் கட்டண மென்பொருள்கள் பல 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதப்பட்டவை. அதன் அடிப்படை இயக்கக் கோப்பு விண்டோஸ் 11-லும் உடன் வருகிறது. அட்டவணை, பட்டியல், உரையாடல் பெட்டி போன்றவற்றுக்கான ஓசிஎக்ஸ் கோப்புகள்தான் வருவதில்லை. அவற்றைப் பழைய கணினியின் சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து எடுத்து, புதியதில் சிஸ்வாவ்64 கோப்புறையில் வைத்து, நிர்வாகி உரிமையுடன் திறந்த கமாண்ட் பிராம்ப்டில், அந்தச் சிஸ்வாவ்64-க்குள்ளேயே உள்ள ரெக்எஸ்விஆர்32 கொண்டு பதிவு செய்ய வேண்டும். பெயர்கள் தலைகீழாக இருப்பது குழப்பும்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பதில் 64 பிட் கோப்புகளும், சிஸ்வாவ்64 என்பதில் 32 பிட் கோப்புகளும் இருக்கின்றன. பழைய நிரலின் கோப்பைச் சிஸ்டம்32-இல் போட்டுவிட்டு ‘வைத்தும் வேலை செய்யவில்லை’ என்பவர்கள் மிகப் பலர்.

8. எல்லாம் ஓடுகிறது, ஆனால் தேதிகள் மட்டும் ஏதோ மாதிரி இருக்கின்றன. இது பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். உடனே பதிவிடுவதை நிறுத்துங்கள். விஷுவல் பேசிக் 6 நிரல்கள் பல, தேதியை எப்படிப் படிப்பது என்பதை விண்டோஸின் வட்டார அமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. புதிய கணினி அமெரிக்க அமைப்போடு வந்திருந்தால் மாதம் முன்னால், நாள் பின்னால். நீங்கள் ஏப்ரல் 5 என்ற பொருளில் 05/04 என்று அடித்தால் அது மே 4 என்று பதிவாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. 13-ஆம் தேதி முதல் அப்படி ஒரு மாதம் இல்லாததால் நிரல் தானாகவே சரியாகப் படித்துவிடும். ஆக மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் பதிவுகள் மட்டும் கலைந்து, மற்றவை ஒழுங்காக இருக்கும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

வட்டார அமைப்பில் ‘இங்கிலீஷ், இந்தியா’ என்று தேர்ந்து, குறுகிய தேதி வடிவம் பழைய கணினியில் இருந்தது போலவே உள்ளதா என்று ஒப்பிடுங்கள். சில நிரல்கள் நாள், மாதம், ஆண்டுக்கு நடுவே சாய்கோட்டைத்தான் எதிர்பார்க்கும். விண்டோஸ் சிறுகோடு வைத்திருந்தால் அதை மாற்றுங்கள். ஆண்டுக்கு இரண்டு இலக்கமா நான்கா என்பதையும் பாருங்கள். முதல் பதிவை இடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

9. எங்கள் கடை பில்லிங் டாஸ் ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. டாஸ்பாக்ஸ் போட்டால் ஓடுமா?

ஓடும். ஆனால் பழைய டாஸ் கணினியைப் போலியாக உருவாக்கும் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. பிரிண்டர் வேலையும், பல கணினிகள் ஒரே தரவுக் கோப்பைத் திறக்கும்போது தேவைப்படும் பூட்டும் அதன் நோக்கத்தில் இல்லை. கணக்கு மென்பொருளுக்கு அதன் விரிவான வடிவமான டாஸ்பாக்ஸ்-எக்ஸ், அல்லது அலுவலக டாஸ் நிரல்களையே மனத்தில் வைத்து எழுதப்பட்ட விடாஸ் ஆகியவற்றை முயலுங்கள். டாஸ் இல்லை, 16 பிட் விண்டோஸ் நிரல் என்றால், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டத்திலிருந்து பிறந்த வைன்விடிஎம் என்ற கருவி அவற்றில் பலவற்றை 64 பிட் விண்டோஸிலேயே திறக்கிறது.

டாஸ் நிரல் திறந்தவுடன் ‘ரன்டைம் எரர் 200’ அல்லது ‘பூஜ்யத்தால் வகுத்தல்’ என்று சொல்லி நின்றால், அது வேகத்தால் வந்த வினை. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் பல தொடங்கும்போது, கணினிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பான 55 மில்லிநொடிக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். பெண்டியம் 2 காலத்திலேயே விடை 16 பிட்டுக்குள் அடங்காத அளவு பெரிதாகிவிட்டது. அப்படி அடங்காததைச் செயலி, பூஜ்யத்தால் வகுத்த பிழையாகவே அறிவிக்கிறது. ஃபாக்ஸ்புரோ 2.6-க்கும் வேகமான செயலிகளில் இதே தன்மையுள்ள சிக்கல் உண்டு. டாஸ்பாக்ஸில் ‘சைக்கிள்ஸ்’ எண்ணைக் குறைத்துப் போலிச் செயலியை மெதுவாக்கினால் நிரல் திறந்துவிடும்.

10. பிரிண்டர் எல்பிடி1-இல் இருப்பதாக மென்பொருள் நினைக்கிறது. எங்களிடம் இருப்பதோ யுஎஸ்பி பிரிண்டர்.

எல்பிடி1 என்பது பழைய பிரிண்டர்கள் செருகப்பட்ட துளையின் (பாரலல் போர்ட்) பெயர். யுஎஸ்பி பிரிண்டரை அதே கணினியில் ஒரு பகிர்வுப் பெயர் கொடுத்துப் பகிருங்கள். பிறகு ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அந்தப் பகிர்வோடு நிலையாக இணைத்துவிட்டால், எல்பிடி1-க்கு அனுப்புவதெல்லாம் யுஎஸ்பி பிரிண்டருக்குப் போகும். இது 32 பிட் நிரல்களுக்கு. டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விடாஸ் இரண்டிலும் இதற்கான அமைப்பு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வழியில் போவது வெறும் எழுத்துகளும், எழுத்தைப் பெரிதாக்கு, தாளைத் தள்ளு போன்ற கட்டளைக் குறிகளும்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களுக்கு அவை புரியும். விலை மலிவான லேசர், இங்க்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றுக்குப் புரியாது, ஏனெனில் பக்கத்தை வரையும் வேலை முழுவதையும் அவை விண்டோஸிடமே விட்டுவிடுகின்றன. பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸையே வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை.

11. பழைய தமிழ் ஃபைல்களைத் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. தமிழ் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளும் பிற குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்தின் எண்தான். எழுத்துரு இருந்தால் அது தமிழாகத் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல், பாமினி இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரிவதைப் பார்க்கலாம். ஆகவே முதல் வேலை, பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எல்லாத் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்து வைப்பது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அமைப்பு வைத்திருந்த காலம் அது. ஒரு கோப்புக்கு உரிய எழுத்துருவைத் தவிர வேறெதுவும் உதவாது.

எழுத்துருவை நிறுவிய பின்னும் சில எழுத்துகள் மட்டும் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்தால், வட்டார அமைப்பில் ‘யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி’ என்பதைத் திறந்து பாருங்கள். அங்கே ஆங்கிலம் இருக்க வேண்டும். யுடிஎஃப்-8-ஐ உலகளாவிய ஆதரவுக்குப் பயன்படுத்தச் சொல்லும் சோதனை நிலைத் தேர்வு குறியிடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழுக்கு நல்லது என்று நினைத்துப் பலர் அதை இயக்கிவிடுகிறார்கள், 8 பிட் எழுத்துருக்களை நம்பிய நிரல்களுக்கு அதுவே கேடாகிறது.

நீண்ட காலத் தீர்வு, உரையை யூனிகோடுக்கு மாற்றுவது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற 8 பிட் குறிமுறைகளைத் தரப்படுத்தியது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. டாம், டாப், திஸ்கி, பாமினி முதலியவற்றிலிருந்து மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றிய பின் ஒற்றெழுத்துகளையும், ஒகர ஓகாரங்களையும், நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் என்று எண்ணிக் கருவி மாற்றிவிடும். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையிலான கோப்புகளை, அதன் பின் வந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்க முடியும், அதற்குப் பிந்தைய பதிப்புகளில் முடியாது. டைப் 1 வகை எழுத்துருக்களை அடோபி 2023 ஜனவரியோடு தன் மென்பொருள்களில் கைவிட்டது. ஆகவே பழைய புத்தகங்களின் கோப்புகளை வைத்திருக்கும் அச்சகங்கள், பேஜ்மேக்கர் ஓடும் ஒரு கணினியாவது இருக்கும்போதே உரையை வெளியே எடுத்து வைப்பது அவசரமான வேலை.

12. கணினிக்குள் கணினியாக எக்ஸ்பியையே ஓட்டலாமாமே? அது பாதுகாப்பானதா?

விர்ச்சுவல் மெஷின் என்பது அதுதான். வர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் 11 புரோவில் ஹைப்பர்-வி உடன் வருகிறது. அதற்குள் 32 பிட் எக்ஸ்பியை நிறுவினால் 16 பிட் நிரல், பழைய செட்டப், பழைய ஓசிஎக்ஸ் என்று மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும். எக்ஸ்பிக்கு 1 ஜிபி நினைவகமும் 10 ஜிபி வட்டும் தாராளம். உரிமத் திறவுகோல் உங்களிடம் இருக்க வேண்டும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு கண்டறியப்பட்ட ஓட்டைகளில், மிகச் சில தவிர, மற்றவை பொதுப் பயனர்களுக்கு அடைக்கப்படவில்லை. எனவே உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்கு இணைய இணைப்பே கொடுக்காதீர்கள். வலைய அட்டையை அணைத்துவிட்டு, கோப்புகளை வர்ச்சுவல்பாக்ஸின் பகிர்வுக் கோப்புறை வழியாக மட்டும் பரிமாறுங்கள். இந்த ஒரு நிபந்தனையைக் காத்தால் அது பாதுகாப்பானது, பழைய கணினியை இணையத்தில் வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். நிறுவி முடித்ததும், அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது அதன் பிறகு உள்ளே பதிந்த தரவும் சேர்ந்து போய்விடும் என்பதால், தரவை வெளியே நகலெடுத்த பின்னரே திரும்ப வேண்டும்.

13. மென்பொருளோடு ஒரு டாங்கிள் கொடுத்தார்கள். அது இல்லாமல் திறக்காது. என்ன செய்வது?

டாங்கிள் என்பது கணினியில் செருகினால்தான் மென்பொருளைத் திறக்க விடும் உரிமப் பூட்டு. அதற்கு டிரைவர் வேண்டும். 64 பிட் விண்டோஸ் 64 பிட்டில் எழுதி முறையாகக் கையொப்பமிட்ட டிரைவரை மட்டுமே ஏற்கும். கம்பேட்டிபிலிட்டி மோடு இதில் உதவாது. பரவலான டாங்கிள் வகைகளுக்கு அவற்றைத் தயாரித்தவர்கள் புதிய டிரைவர் வெளியிட்டிருக்கிறார்கள். மென்பொருள் விற்றவரிடம் கேட்காமல், டாங்கிளின் மேல் அச்சிட்ட தயாரிப்பாளர் பெயரை வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் யுஎஸ்பி டாங்கிளை 12-இல் சொன்னபடி வர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் எக்ஸ்பிக்குள் நேரடியாக இணைத்துவிடலாம். பாரலல் போர்ட் டாங்கிள் என்றால் வழி மிகக் குறைவு. கையொப்பச் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். அன்றாட வேலைக் கணினியின் காவலையே அது எடுத்துவிடுகிறது.

14. மேக், லினக்ஸ், புதிதாக வரும் ஆர்ம் லேப்டாப், இவற்றில்?

லினக்ஸில் வைன் உண்டு. 64 பிட் லினக்ஸிலும் 16 பிட் விண்டோஸ் நிரல்களை அது ஓட்டவல்லது. சில நேரங்களில் விண்டோஸ் 11-ஐவிட நல்ல பலன் தருகிறது. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் நிரல்கள் நின்றுபோயின. இன்டெல், ஏஎம்டி அல்லாத ஆர்ம் வகைச் செயலி கொண்ட விண்டோஸ் 11 மடிக்கணினிகள் சாதாரண 32 பிட், 64 பிட் நிரல்களைப் போலியாக்கம் மூலம் ஓட்டும், ஆனால் பழைய டிரைவர்களை ஏற்காது. டாங்கிளும் சிறப்புப் பிரிண்டரும் நம்பிய தொழிலுக்கு ஆர்ம் கணினி வாங்க வேண்டாம்.

15. ஓட்டவே வேண்டாம், உள்ளே இருக்கும் தரவு மட்டும் கிடைத்தால் போதும். முடியுமா?

பல நேரங்களில் இதுவே சரியான முடிவு. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்த பின், அதற்கு முந்தைய வரிமுறைக்கு எழுதிய பில்லிங் மென்பொருளைப் பாடுபட்டு ஓட வைத்தாலும் இன்றைய பில் போட உதவாது. பழைய பாக்கியையும் முகவரியையும் பார்க்கத்தான் வேண்டியிருக்கும்.

ஃபாக்ஸ்புரோ, டிபேஸ், கிளிப்பர் மூன்றும் தரவை டிபிஎஃப் கோப்பில் வைக்கின்றன. லிப்ரே ஆஃபிஸ் கால்க் அதை நேரடியாகத் திறக்கும். நீண்ட குறிப்புகள் எஃப்பிடி அல்லது டிபிடி என்ற தனிக் கோப்பில் இருக்கும் என்பதால், டிபிஎஃப்பை மட்டும் எடுத்துவராமல் கோப்புறையை முழுதாக எடுங்கள். திறந்ததும் வேறு வடிவத்தில், வேறு பெயரில் சேமியுங்கள்; மூலக் கோப்பின் மேலேயே சேமித்தால் புல அளவுகள் மாறி, பழைய நிரலும் அதைத் திறக்க முடியாமல் போகலாம். விஷுவல் பேசிக் நிரல்களின் தரவு பெரும்பாலும் எம்டிபி கோப்பு. அது ஆக்சஸ் 97 வடிவம் என்றால், ஆக்சஸ் 2013 முதல் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. 2010 அல்லது அதற்கு முந்தைய ஆக்சஸ் உள்ள கணினியில் திறந்து மாற்ற வேண்டும்.

16. பழைய கணினி இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

ஓடும்வரை விடலாம், இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு. ஆனால் அதன் வட்டு எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நின்ற பின் மேலே சொன்ன எந்த வழிக்கும் தேவையான ஓசிஎக்ஸ், எழுத்துரு, தரவு எதுவும் கையில் இருக்காது. எனவே அது உயிரோடு இருக்கும்போதே வட்டை முழுதாக ஒரு படிமமாக எடுங்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள டிஸ்க்2விஎச்டி என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையே ஒரு விஎச்டி கோப்பாக எடுத்துத் தரும்; எக்ஸ்பி என்றால் அதன் பழைய பதிப்பு தேவைப்படும்.

அந்தக் கோப்பை வர்ச்சுவல்பாக்ஸில் வட்டாக இணைத்து இயக்குங்கள். எக்ஸ்பி நீலத் திரை காட்டி நின்றால், பெரும்பாலும் வட்டுக் கட்டுப்படுத்தி மாறியதே காரணம். அதை ஐடிஇ என்று அமைத்துப் பாருங்கள். வன்பொருள் மாறியதைக் கண்டு எக்ஸ்பி மறுபடி உரிமச் செயல்படுத்தல் கேட்கக்கூடும். கணினியோடு வந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவில் வையுங்கள். இயங்கத் தொடங்கியதும், பழைய கணினியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டிலும் ஒரே வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்து கடைசிப் பில்லின் எண், தேதி, தொகை மூன்றையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் அந்தப் பில்லை அச்சிட்டுப் பாருங்கள். அவை பொருந்தும்வரை பழைய கணினியை விற்கவோ வட்டை அழிக்கவோ வேண்டாம்.